2147483647 ஏன் பகா எண்?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மகன் கைப்பேசியில் விளையாடும் ஏதோ ஒரு விளையாட்டில் காசு 2147483647-ஐத் தொட்டதும் அதற்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதாம். அந்த எண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறார். (கூடவே, நாலு நம்பர் லாட்டரி எடுக்க ஆகுமா என்றும் ஒரு கேள்வி. நான்கு ராசியில்லாத எண் என்று நான்காம் மாடிக்கு 3ஏ என்று பெயர் வைத்துவிட்டால் நான்கு ஓடிவிடும் என்று நம்பும் ஊரில் நான் என்னத்தைச் சொல்ல!)

காரணம் எளிதுதான். பல நிரல்கள் ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் (0 அல்லது 1 மட்டும் பிடிக்கும் கட்டம்) இடம் ஒதுக்குகின்றன. அதில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும், மிச்சம் 31. எல்லாவற்றிலும் 1 போட்டால் 2³¹ − 1, அதாவது நம் எண். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, கோலாலம்பூர் நேரப்படி காலை 11:14:07-க்கு இடம் தீர்ந்துவிடும். சரி, அது கணினிக்காரர் கவலை.

எனக்குப் பிடித்தது வேறு. இது பகா எண், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண், என்பதை 1772 வாக்கிலேயே, பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்த கணிதமேதை ஆய்லர் நிறுவிவிட்டார். சாதாரண வழி என்றால், இதன் வர்க்கமூலம் 46340 சொச்சம், அதுவரை உள்ள 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவர் பெரும்பாலானவற்றைத் தொடவே இல்லை.

எப்படி? இதன் தம்பி 2¹¹ − 1 = 2047-ஐ எடுத்துக்கொள்வோம். அது 23 × 89. இப்போது 2-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள், 23-ஐத் தாண்டினால் 23-ஐக் கழித்துவிடுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது அடியில் 1. அப்புறம் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு அடியிலும் வருவது 2-இன் அடுக்கை 23-ஆல் வகுத்த மீதிதான். 2¹¹ என்பது 2047 + 1, ஆகவே 2047-ஐ 23 வகுக்கிறது என்றால் பதினோராவது அடியில் 1 வந்தே தீர வேண்டும். சுற்று இதைவிடக் குட்டையாக இருக்க முடியுமா? அதன் நீளம் 11-ஐ வகுக்க வேண்டும், 11-ஓ பகா எண். ஆகவே முடியாது. இன்னொரு பக்கம், ஒற்றைப் பகா எண் எதுவானாலும் அதைவிட ஒன்று குறைவான அடியில் 1 வரும் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா 1640-இலேயே சொல்லிவிட்டார். (இந்த விதிதான் இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்.எஸ்.ஏ. குறியாக்கத்துக்கு அடித்தளம். 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டு எண் கோட்பாட்டு ஆய்வுக்கான நிதியில் கைவைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.) ஆக 22 அடிக்குள் 11 அடிச் சுற்றுகள் முழுசாக அடங்கியாக வேண்டும். 23 = 22 + 1, 89 = 88 + 1. தற்செயல் இல்லை!

நம் எண்ணுக்கும் இதே கதை. அதை ஒரு பகா எண் வகுத்தால், அதில் ஒன்று குறைத்தது 31-இன் மடங்கு. இரட்டை எண்ணும்கூட, ஆகவே 62-இன் மடங்கு. 46340-க்குள் அப்படிப்பட்டவை 747-தான். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்று இன்னொரு சல்லடை உண்டு. அதில் பாதி போய் 373. அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை.