‘நச்சுயிர்க்கொல்லி’ எதைக் கொல்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் சுகாதார முகாம்களில் தமிழில் பேச வருகிறவர்கள் எச்.ஐ.வி. மாத்திரையை ‘நச்சுயிர்க்கொல்லி’ என்கிறார்கள். துண்டறிக்கையிலும் அதே சொல்தான். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

அந்த மாத்திரையின் ஆங்கிலப் பெயரான ஆண்டிரெட்ரோவைரல் என்பதன் பிறப்பு எளிது. ‘ஆண்டி’ எதிர். ‘ரெட்ரோ’ பின்னோக்கி. ‘வைரஸ்’ லத்தீனில் நஞ்சு. நம் ‘நச்சுயிரி’யும் அந்தப் பொருளில் எழுந்ததுதான். உயிரணுவில் மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏவிலிருந்து அதன் படியான ஆர்என்ஏ உருவாவது வழக்கம். எச்.ஐ.வி. என்னும் இந்த நச்சுயிரி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகத் திருப்பி எழுதும். அதற்கான நொதியை 1970இல் அமெரிக்க அறிவியலாளர்கள் டெமினும் பால்ட்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

சண்டை ‘கொல்லி’யோடுதான். தோட்டத்து ஆளிடம் கொல்லி என்றால் களைக்கொல்லி, எலிக்கொல்லி. அடித்தால் செத்தது, வேலை முடிந்தது. இந்த மாத்திரையோ எதையும் கொல்வதில்லை. திருப்பி எழுதும் நொதியை மறிக்கும், எழுதியது உயிரணுவின் மரபுப்பொருளோடு இணைவதை மறிக்கும், புது நச்சுயிரி முதிர்வதை மறிக்கும். ஏற்கெனவே இணைந்து, உறங்கும் சிடி4 என்னும் எதிர்ப்பாற்றல் அணுக்களுக்குள் கிடப்பதைத் தொடாது. லாலாங் புல்லின் தழை கருகியும் மண்ணுக்குள் கிழங்கு கிடப்பது மாதிரி. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே நச்சுயிரி மறுபடி தலைகாட்டும். ‘கொல்லி’ என்று கேட்டவர், எல்லாம் செத்திருக்கும் என்று நிறுத்தினால் பழி யாருக்கு?

இன்னொரு கூட்டம் ‘எதிர்ப்புச் சக்தி மருந்து’ என்கிறது. இது அதைவிட மோசம். எதிர்ப்பாற்றலை இந்த மருந்து ஊட்டுவதில்லை. பெருக்கம் நின்றால் சிடி4 அணுக்கள் அழிவது குறையும். உடம்பு தானே அவற்றை மீட்டுக்கொள்ளும். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே விழுந்தபின் மருந்து தொடங்கியவர்களில் பலருக்கு அந்த எண்ணிக்கை முழுதாக ஏறுவதே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இரத்தத்தில் நச்சுயிரி குறையக் குறைய, அதைக் குறிவைத்த டி அணுக்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களின் வேகமும் தணிந்துவிடும். எதிரி கண்ணில் படவில்லை, படை எதற்கு? அதோடு, எதிர்ப்பாற்றல் மீளும்போது உள்ளே பதுங்கியிருந்த காசநோய் போன்றவற்றை உடம்பு திடீரென அடையாளம் கண்டு சீறும். காய்ச்சல், கட்டி, வீக்கம். சக்தி மருந்து என்று நம்பி விழுங்கியவர் அப்போது என்ன நினைப்பார்? மருந்தே நஞ்சு என்றுதான்.

‘தடுப்பு மருந்து’ என்றால் தடுப்பூசி நினைவுக்கு வரும், வேண்டாம். நான் சொல்வது ‘நச்சுயிரிப் பெருக்கத்தடை மருந்து’. நீளம்தான். பேச்சில் ‘பெருக்கத்தடை மாத்திரை’ போதும். தமிழ்நாட்டில் புழங்கும் ‘கூட்டு மருந்து சிகிச்சை’யும் நல்ல சொல், 1996இலிருந்து பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. இரண்டுமே வாயில் வராதவர் ஆண்டிரெட்ரோவைரலைச் சுருக்கி ‘ஏஆர்வி மருந்து’ என்றே சொல்லிவிட்டுப் போகட்டும். பொய்யான தூய தமிழைவிட அது மேல்.

மலாய் மொழியிலிருந்து பெயர்ப்பவர்களின் அவசரம் தனிக் கதை. ‘தீடாக் டிகேசான்’ என்று சோதனை முடிவு வந்தால், பரிசோதனைக்கு அகப்படவில்லை என்று பொருள். அதைக் ‘கிருமி இல்லை’ என்று எழுதுகிறார்கள். முகாமில் கைதட்டு விழுகிறது. மறுமாதம் மாத்திரை வாங்க ஆள் வருவதில்லை.