பாடத்திட்டம் வாங்குமுன் பதினைந்தாவது வாரத்தைப் புரட்டுங்கள்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் வீட்டுவழிக் கல்விக்கு ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர் பெரும்பாலும் "எது சிறந்த பாடத்திட்டம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் கேட்பது வேறு. சொல்லிக்கொடுக்கப் போவது யார்? நாளொன்றுக்கு அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? இரவு சரியாகத் தூங்காத நாளிலும் அவரால் இதை நடத்த முடியுமா?

பிள்ளையின் இயல்பை எல்லோரும் யோசிக்கிறார்கள்; கற்பிப்பவரின் இயல்பைக் கணக்கில் எடுப்பவர்கள் குறைவு. பாதியில் கைவிடப்பட்ட பாடத்திட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல மிக நல்லவை. ஆசிரியர் கையேட்டைத் தினமும் ஒரு மணி நேரம் படித்துத் தயாராக வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அந்த ஒரு மணி நேரம் இல்லை.

6, 8, 11 வயதில் மூன்று பிள்ளைகளை வைத்திருந்த ஒரு தாய், ஒவ்வொருவருக்கும் அந்தந்த வகுப்பின் முழுத் தொகுப்பையும் வாங்கிவிட்டார். மூன்று வரலாறு, மூன்று அறிவியல், மூன்று கணக்கு. இரண்டாம் மாதம் என் எதிரே உட்கார்ந்து அழுதார். தனக்குப் பொறுமை போதவில்லை என்று நம்பியிருந்தார். பொறுமையில் குறையில்லை, சுமைதான் அதிகம் என்று அவருக்குப் புரியவைக்கவே அன்றைய நேரம் முழுவதும் போயிற்று.

கணக்கையும் மொழியையும் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை மூவருக்கும் ஒன்றாக்கினோம். தாய் ஒரே பகுதியை உரக்கப் படிப்பார். இளையவன் கேட்டதைப் படமாக வரைவான், நடுப்பெண் வாயால் திருப்பிச் சொல்வாள், மூத்தவள் ஒரு பக்கம் எழுதுவாள். கேட்டதைத் தன் சொல்லில் சொல்லவைப்பது பிரிட்டிஷ் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்திய முறை. சிறு பிள்ளைகளுக்குப் பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். பள்ளி மணி அடிப்பதுபோல் வீட்டிலும் 45 நிமிடம் உட்காரவைக்கும் பெற்றோருக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

முறையின் பெயரை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 1907இல் ரோமில் மரியா மாண்டிசோரி தொடங்கிய வழியில், குழந்தை தானே செய்து முடிக்கும்வரை குறுக்கிடாமல் கவனிக்கும் பெரியவர் வேண்டும். உடனே திருத்திவிடத் துடிப்பவருக்கு அது கடினம். பாடநூலே இல்லாமல் குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடரும் வழி, 1970களில் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் பேசிய வழி, வேலை குறைவு என்று நினைத்துத்தான் சிலர் அதைத் தேர்கிறார்கள். உண்மையில் அதில் பெற்றோர் நாள் முழுவதும் விழிப்பாக இருக்க வேண்டும்.

கணக்கில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஒரு கருத்தை முழுவதும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போகும் புத்தகங்கள் உண்டு. எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தொட்டு, திரும்பத் திரும்ப வரும் சுழல்முறைப் புத்தகங்களும் உண்டு. விரைவில் மறக்கும் பிள்ளைக்குச் சுழல்முறை கைகொடுக்கும். அடிக்கடி பாடம் மாறினால் குழம்பும் பிள்ளைக்கு முதல் வகை. அட்டையில் உள்ள வகுப்பு எண்ணை நம்பாமல், நிலையறியும் தேர்வு வைத்துத் தொடங்குங்கள். அந்த நடுப்பெண் வாசிப்பில் தன் வயதைத் தாண்டியிருந்தாள். கழித்தலில் ஓராண்டு பின்னே இருந்தாள். வீட்டில் படிப்பதால் இரண்டையும் அதனதில் அவள் இருந்த இடத்திலிருந்தே தொடர முடிந்தது.

உங்கள் ஊர்ச் சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பதிவு, கட்டாயப் பாடங்கள், ஆண்டு மதிப்பீடு எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். பள்ளியிலிருந்து இப்போதுதான் விலகிய பிள்ளை என்றால், சில வாரங்கள் கதை வாசிப்போடு விட்டு, அவன் எதில் ஈடுபடுகிறான் என்று கவனியுங்கள். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

மாதிரிப் பக்கங்கள் பெரும்பாலும் முதல் வாரத்தையே காட்டும். பதினைந்தாவது வாரப் பாடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, வேலை நெருக்கும் ஒரு நாளில் நடத்திப் பாருங்கள். தயாரிப்புக்கு எவ்வளவு, பாடத்துக்கு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய் அடுத்த ஆண்டுக் கணக்குப் புத்தகத்தை இப்படித்தான் தேர்ந்தெடுத்தார். அவர் எழுதி வந்த தாளில் இருந்தது: தயாரிப்பு 10 நிமிடம், பாடம் 20, அழுகை இல்லை.