ஆடாத பட்டறை மேசை: பணத்தை எங்கே போடுவது?

வீட்டுப் பட்டறைக்கு மேசை செய்கிறவர்கள் பெரும்பாலும் மேல் பலகைக்குத்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஆனால் இழைப்புளியைத் தள்ளும்போது நீளவாக்கில் ஆடுகிற மேசையில் தேக்குப் பலகை போட்டும் பயனில்லை. காய்ந்த மரம், போல்ட், பின்பக்க அடைப்பு, இந்த மூன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மலிவாகக் கிடைப்பது ரப்பர் தடி, அதாவது ரப்பர் மரத்தின் அறுப்பு மரம். பால் ஓய்ந்த மரங்களை 25, 30 வருடத்தில் முறித்து மறுநடவு செய்வதால் வரத்துக்குக் குறைவில்லை. சிக்கல், அதிலுள்ள மாவுச்சத்து. பச்சையாக அறுத்துப் போட்டால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை பாயும். பிறகு வண்டு துளைத்து, கீழே மாவு மாதிரித் தூள் கொட்டும். அறுத்த பலகையில் மருந்தைத் தூரிகையால் பூசினால் தோலோடு நின்றுவிடும். அழுத்தத்தில் போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய தடியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் அயனி, பலா உத்திரம் கிடைத்தால் அதுவே மேல். வருடக்கணக்காகக் காய்ந்த மரம். அறுக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரே ஆணி ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும்.

அளவு: மேசை 5 அடிக்கு 2 அடி, உயரம் 33½ அங்குலம். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மேசைமட்டத்தில் இருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு ஏற்பக் காலைக் கூட்டிக் குறையுங்கள். 4க்கு 2 அங்குலச் சட்டம், சேதாரம் சேர்த்து 45 அடி, அதாவது 2½ கன அடி.

கால் ஒவ்வொன்றும் இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு 32 அங்குலம் முழுசாக. உள் அடுக்கைக் கீழே 8, மேலே 16 அங்குலம் என இரண்டு துண்டாக ஒட்டுங்கள். நடுவிலும் உச்சியிலும் விடும் 4 அங்குல இடைவெளியில் 4 அடி நீளச் சட்டங்கள் உட்காரும். உளி வேலையே இல்லை, எடையும் மரத்தின் மேல் மரமாக இறங்கும். எடையை போல்ட்டில் தொங்கவிட்டால் துளை நாளடைவில் நீள்வட்டமாகிவிடும்.

காலும் நீளச் சட்டமும் சேரும் மூட்டு ஒவ்வொன்றுக்கும் 10 மி.மீ. போல்ட் இரண்டு, மூலைவிட்டமாக; மொத்தம் 16. ஒன்று மட்டும் போட்டால் அது கீல்தான். இரண்டு மரத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளையிடுங்கள். நட்டுக்கு அடியில் அகல வாஷர் கட்டாயம். இருபக்கக் கால்களை இணைக்கும் 2 அடிக் குறுக்குச் சட்டங்களுக்குக் கோந்தும் ஸ்குரூவும் போதும்.

18 மி.மீ. பிளைவுட் 8க்கு 4 ஷீட் ஒன்றே ஒன்று. நீளவாக்கில் இரண்டாக்கி, ஒவ்வொன்றிலும் 5 அடி வெட்டினால் மேசைக்கு இரண்டு அடுக்கு. மிஞ்சும் 3 அடித் துண்டுகளில் ஒன்றைப் பின்பக்கம் மேல், கீழ் சட்டங்களோடு சேர்த்து ஸ்குரூ அடியுங்கள். ஆட்டம் நிற்பது இதில்தான். அதற்கு முன் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக்கிக்கொள்ளுங்கள். கோணலாக அடித்தால் கோணலாகவே இறுகிவிடும். மற்றதை ஒடுக்கிக் கீழ்த்தட்டாக்கலாம்.

மேல் இரண்டு அடுக்கையும் ஒட்ட வேண்டாம். அடியிலிருந்து 30 மி.மீ. ஸ்குரூ போதும், தேய்ந்ததும் மேலடுக்கைப் புரட்டிப் போடலாம், உளியும் ஸ்குரூத் தலையில் படாது.

இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் சாரலடிக்கிற சார்ப்பு என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறும். அதனால் ரப்பர் தடிக் கால்களுக்கு அடியில் அரை அங்குலக் கல்லோ பி.வி.சி. துண்டோ வையுங்கள். சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் பதினாறு நட்டையும் ஒருமுறை இறுக்குங்கள்.