சராசரி மறைக்கும் செல்கள்

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஏதாவது ஒரு லேபில் முழு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், ரிப்போர்ட்டில் ‘எம்சிவி’ என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுக்களின் சராசரிக் கன அளவு அது. பெரியவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர்.

இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுத்துவிடும். வைட்டமின் பி12 குறைந்தால் பருத்துவிடும். இரண்டும் ஒருவருக்கே குறைந்திருந்தால் சிறுசும் பெருசும் கலந்து, எம்சிவி 90 என்று ஒழுங்காகவே வந்து நிற்கலாம். ரத்தசோகை இருக்கும், காரணம் பிடிபடாது.

அதே ரிப்போர்ட்டில் ‘ஆர்டிடபிள்யூ’ என்ற வரியையும் தேடிப் பாருங்கள். சிவப்பணுக்கள் அளவில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று சொல்வது அதுதான். செல்களை ஒவ்வொன்றாக அளக்காமல் அந்த எண் கிடைக்காது. அதற்கு வழி கண்டவர் வாலஸ் கோல்ட்டர். 1953இல் காப்புரிமை பெற்றார். உப்புக் கரைசலுக்கு நடுவே ஒரு நுண்துளை, அதன் வழியே மெல்லிய மின்னோட்டம். செல் துளையைக் கடக்கும் கணத்தில் மின்தடை ஏறி இறங்கும். பெரிய செல் என்றால் பெரிய துடிப்பு. ஏற்காட்டுக் காபித் தோட்டத்துப் பெண் ஒருவர் கொடுக்கும் ரத்தத்திலும் ஆயிரக்கணக்கான செல்கள் சில நொடிகளில் இப்படி வரிசையாகக் கடந்துபோகின்றன.

அளவு தெரிந்துவிட்டது. செல்லுக்குள் எந்தெந்த மரபணு வேலை செய்கிறது என்பதை எப்படி அறிவது? நம் ஊர் சேகோ ஆலைகளில் ஈர மாவு ஜவ்வரிசி மணிகளாகப் பிரிவதுபோல, அதற்கான கருவியில் நீர் எண்ணெய்க்குள் துளித்துளியாகப் பிரிகிறது. தலைமுடி அகலமே உள்ள வாய்க்காலில் உருவாகும் ஒவ்வொரு துளியும் சுமார் ஒரு நானோலிட்டர். செல் ஒன்றும் நுண்மணி ஒன்றும் ஒரே துளிக்குள் சேர்ந்தால், செல் உடைந்து அதன் ஆர்என்ஏ, அதாவது வேலை செய்யும் மரபணுக்களின் நகல், மணியில் ஒட்டிக்கொள்ளும். மணிக்கு மணி குறியீடு வேறு என்பதால், பிறகு எல்லாவற்றையும் மொத்தமாகப் படித்தாலும் எது எந்தச் செல்லுடையது என்று பிரித்துவிடலாம். 2015இல் ஹார்வர்டு குழு இப்படி எலி விழித்திரையின் 44,808 செல்களைப் படித்து, 39 வகைகளாகப் பிரித்தது.

ஆனால் உடைத்த செல்லை மறுபடி படிக்க முடியாது. நோய் முற்றும்போது அதே செல் எப்படி மாறுகிறது என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டும்? 2022இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் உயிருள்ள செல்லில் நுண்ணூசி செருகி, உள்ளிருக்கும் சாற்றில் துளியளவு மட்டும் உறிஞ்சிப் படித்தார்கள். பெரும்பாலான செல்கள் பிழைத்துக்கொண்டன.