மார்ஷல் என்றால் குதிரைக்காரன்

காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தோம். 'ஏர் மார்ஷலுக்குத் தமிழ்ல என்ன ஐயா?' என்று ஒரு பையன் கேட்க, 'விமானப்படைத் தளபதி, வேறென்ன' என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். அது பாதிதான் சரி.

தளபதி என்பது பதவி, மார்ஷல் என்பது தரம், அதாவது ரேங்க். இந்திய விமானப்படையின் அர்ஜன் சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944-இல் ஜப்பான்காரர்கள் பர்மாவிலிருந்து இம்பால் மேல் பாய்ந்தபோது ஒன்றாம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவை நடத்தி, டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் பதக்கம் வாங்கியவர். (கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வியாபாரம் செய்யப் போன நம் ஊர்க்காரர்கள் 1942-இல் கடை கணக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்களே, அதே பர்மா.) 1964 ஆகஸ்டில் அவர் விமானப்படைத் தளபதி ஆனபோது தரம் ஏர் மார்ஷல்தான், 1965 பாகிஸ்தான் போரையும் அந்தத் தரத்திலேயே நடத்தினார். 1966-இல் ஏர் சீஃப் மார்ஷல் ஆனார், நாற்காலி அதேதான். ஓய்வுபெற்றது 1969-இல். அப்புறம் 2002-இல், 82 வயதில், விமானப்படை மார்ஷல் என்ற ஐந்து நட்சத்திரத் தரம் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

சொல்லின் பிறப்புதான் வேடிக்கை. பழைய ஜெர்மானிய மொழியில் மார் என்றால் குதிரை, ஸ்கால்க் என்றால் வேலையாள், ஆக மார்ஷல் என்பவன் லாயத்தில் குதிரை பார்த்துக்கொண்டவன். பிரெஞ்சு அரண்மனையில் லாயத்துக்கு அதிகாரியாகி, குதிரைப்படையைக் கையில் வாங்கி, கடைசியில் படைத்தலைவனாகவே உயர்ந்துவிட்டான். பிரிட்டிஷ் விமானப்படை 1919-இல் இந்தப் பெயரை எடுத்து ஆகாயத்தில் ஏற்றியது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 'மார்ஷல் லா' என்று எழுதுகிறோமே, அந்த மார்ஷல் வேறு. அது ரோமாபுரிப் போர்க்கடவுள் மார்ஸ் பெயரில் வந்தது. ஆங்கிலத்தில் எழுத்தே வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. சட்டமன்றத்தில் உறுப்பினர்களைத் தூக்கிக்கொண்டு போகிறாரே அவைக் காவலர், அவரையும் மார்ஷல் என்பார்கள், அவர் மட்டும் குதிரைக்காரர் வம்சம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தளபதி, தளவாய், சேனாபதி எல்லாமே பதவியைச் சொல்பவை. எனக்குப் பிடித்தது ஏனாதி. சிறந்த படைத்தலைவனுக்கு அரசன் மோதிரம் அணிவித்துக் கொடுத்த பட்டம் அது. சிவன் கோயில் அறுபத்துமூவர் வரிசையில் நிற்கிறாரே ஏனாதிநாதர், வாள் பயிற்சி ஆசிரியர், அவர் பெயரிலும் இருப்பது இதுதான். வணிகருக்கு அதேபோல எட்டி என்று ஒரு பட்டம் இருந்தது. அதிலிருந்துதான் செட்டி வந்தது என்று சொல்வோர் உண்டு, வடமொழி சிரேஷ்டி என்போரும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை, கல்யாண வீட்டில் ஏற்கெனவே போதுமான சண்டை.

அர்ஜன் சிங்குக்கு 2002-இல் கிடைத்தது வேலை இல்லை, பட்டம். அதனால் 'வான்படை ஏனாதி' என்று எழுதினால் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். பையனிடம் சொன்னேன். 'பரீட்சையில எழுதினா மார்க் போடுவாங்களா?' என்றான்.