மணிலா வாத்தில் ஆண் எது, பெட்டை எது?

சிமெண்ட் சாக்கின் மூலையில் ஓட்டை போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, மொபெட்டின் முன்பக்கம் வைத்து ஒரு பெரியவர் வாத்தைக் கொண்டு வந்தார்.

"ஆண் வாத்து டாக்டர். ரெண்டு நாளா நின்ன இடத்துலயே முக்கிக்கிட்டு நிக்குது. எச்சம் போகல. விளக்கெண்ணெய் கூட குடுத்துப் பார்த்துட்டேன்."

சாக்கிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். கறுப்பும் வெள்ளையும் கலந்த மணிலா வாத்து. முகத்தில் கொஞ்சம் சிவப்பு. வாலைத் தொங்கப்போட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் கை வைத்ததுமே முட்டை தட்டுப்பட்டது.

"ஐயா, இது மலச்சிக்கல் இல்லை. முட்டை அடைச்சிருக்கு."

"ஆணுக்கு எப்படி டாக்டர் முட்டை வரும்?"

கால்சியம் ஊசி போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து, எச்சத்துவாரத்தில் வழுவழுப்புக்கு மருந்து தடவிக் காத்திருந்தோம். சாயங்காலம் முட்டை உடையாமல் வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் வாரச்சந்தையில் 'ஜோடி' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஒன்று பெரிசு, முகம் சிவப்பு. இன்னொன்று சிறிசு, சிவப்பு கம்மி. பெரியது ஆண் என்றிருக்கிறார் விற்றவர். பெரியவர் செல்போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைப் பார்த்தேன். இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டுமே பெட்டை. ஒன்று மற்றதைவிட ஒன்றிரண்டு மாதம் மூத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கிளம்பும்போது, அந்த முட்டையை அவயம் வைக்கலாமா என்று கேட்டார். வீட்டில் ஆணே இல்லையே ஐயா என்றேன். அப்போதுதான் முழு விஷயமும் அவருக்கு உறைத்தது.

ஆணா பெட்டையா என்ற கேள்வி என்னிடம் கேள்வியாக வருவது குறைவு. நோயாகத்தான் வரும். "முட்டையே வைக்க மாட்டேங்குது, சத்து மருந்து குடுங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் மூன்றும் ஆண். "முட்டை எல்லாம் கூமுட்டையாப் போகுது" என்பார்கள், எல்லாம் பெட்டை. முதுகுத் தோல் கிழிந்து, கழுத்து இறகு உதிர்ந்த பெட்டையைக் கொண்டுவந்து, நாய் கடித்துவிட்டது என்பார்கள். இரண்டு பெட்டைக்கு நாலு ஆண் இருக்கும் வீடாக இருக்கும்.

இந்த வாத்தைப் பற்றி முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இது நம் வயல்களில் மந்தையாக மேயும் நாட்டு வாத்துக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. ஆங்கிலத்தில் இதை மஸ்கோவி என்பார்கள், ஆனால் மாஸ்கோவிலிருந்து வந்தது இல்லை. நம்மூரில் மணிலா என்கிறோம், பிலிப்பைன்ஸும் இதன் பூர்வீகம் இல்லை. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையுள்ள காடுகளில் மரக்கிளையில் அடையும் பறவை. ஐரோப்பியர் அங்கே போய் இறங்குவதற்கு முன்பே அந்த மண்ணின் மக்கள் வீட்டில் வளர்த்துவந்தது. நாட்டு வாத்து, வெள்ளை பெக்கின், காக்கி கேம்பல் எல்லாம் மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் வழி வந்தவை. மணிலா வேறு இனம். நாட்டு வாத்து முட்டை 28 நாளில் பொரியும், இதற்கு 35 நாள் ஆகும். கையில் எடுத்தவர்களுக்கு நகம் எவ்வளவு கூர் என்று தெரியும்.

இனம் வேறு என்பதால்தான் நாட்டு வாத்துக்குச் சொல்லும் அடையாளங்கள் இங்கே கைவிடுகின்றன. நாட்டு வாத்தில் ஆணுக்கு வால் மேல் இரண்டு மூன்று இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். வாத்து வளர்க்கும் எல்லோருக்கும் இது தெரியும். மணிலா ஆணுக்கு அந்தச் சுருள் கிடையாது. எத்தனை வயதானாலும் வராது. சுருள் இல்லை, அதனால் எல்லாம் பெட்டை என்று முடிவு கட்டி பத்து ஆணை வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அதேபோல நாட்டு வாத்தில் உரக்கக் கத்துவது பெட்டை, கரகரவென்று அடக்கமாகக் கத்துவது ஆண். மணிலாவில் இரண்டுமே அப்படிக் கத்தாது. இந்த வாத்து வைத்திருக்கும் வீட்டில் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராததற்குக் காரணமே அதுதான்.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? நான் முதலில் பார்ப்பது எடை. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே அடையில், ஒரே நாளில் பொரித்தவற்றைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பறவைகளில் ஆணுக்கும் பெட்டைக்கும் இவ்வளவு உருவ வித்தியாசம் உள்ளவை குறைவு. வளர்ந்த ஆண் நாலரை, ஐந்து கிலோ சர்வசாதாரணமாக வரும். பெட்டை இரண்டு, இரண்டரை, மிஞ்சினால் மூன்று. பொரித்த முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. நாலாவது வாரத்திலிருந்து குஞ்சுகள் இரண்டு கூட்டமாகப் பிரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டு, பத்து வாரத்தில் சந்தேகமே இருக்காது. காலையும் சேர்த்துப் பாருங்கள். ஆண் குஞ்சின் கால் தடியாக, பாதம் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக இருக்கும், அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்ட பையனைப் போல.

அடுத்தது குரல். என் அனுபவத்தில் நம்பி முடிவெடுக்கத் தகுந்தது இதுதான். குஞ்சில் எல்லாமே கீச்கீச்சென்று கத்தும். இரண்டரை மூன்று மாதத்துக்குள் ஆணின் குரல் போய்விடும். மிஞ்சுவது சைக்கிள் ட்யூபில் காற்று இறங்குவது போன்ற ஒரு 'புஸ்ஸ்' மட்டும். பெட்டை அந்தக் குஞ்சுக் குரலையே கொஞ்சம் முதிர்ந்த மாதிரி வைத்துக்கொள்ளும். புல்லாங்குழலை மெதுவாக ஊதுவது போல 'பிப் பிப் பிப்' என்று தாழ்ந்து வரும், பயந்தால் சத்தம் கூடும். இதில் எடையைப் போல ஒப்பிடத் துணை தேவையில்லை. மூன்று மாதம் தாண்டிய தனி வாத்தைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். அது என்ன சொல்கிறது என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். பெரியவர் சந்தையில் இதைச் செய்திருந்தால் அந்த 'ஜோடி' வீட்டுக்கு வந்திருக்காது.

எல்லோரும் முதலில் பார்க்கும் முகச் சிவப்பை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஆணுக்கு அலகின் மேல், நெற்றியோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பும், கண்ணைச் சுற்றி முண்டும் முடிச்சுமாகச் சிவப்புச் சதையும் வளரும் என்பது உண்மை. ஆனால் அது நிதானமாக வளரும் சமாச்சாரம். மூன்று நாலு மாதத்தில் அரும்பு கட்டி, ஒரு வருஷம் தாண்டியும் தடித்துக்கொண்டே போகும். பெட்டைக்கும் சிவப்பு உண்டு, சமதளமாக, குறைவாக. வயது ஏற ஏற பெட்டைக்கும் கூடும். ஐந்து மாதப் பெட்டையை மூன்று மாதப் பெட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மூத்தது ஆண் மாதிரியேதான் தெரியும். சந்தை வித்தையெல்லாம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். விற்பவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. தலை இறகைச் சிலிர்ப்பதை ஆண் அடையாளம் என்பார்கள். ஆண் அதிகமாகச் செய்யும், பெட்டையும் செய்யும். வாலாட்டுவது இரண்டுக்கும் பொது. இறகின் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

எடையை வைத்துப் பார்ப்பதில் இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று தீவனம். வாத்துக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நயாசின் என்ற உயிர்ச்சத்து அதிகம் தேவை. வெறும் அரிசிக் குருணையும் தவிடும் தின்று வளர்ந்தால் கால் வளைந்து, முட்டி வீங்கி, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். அப்படித் தேங்கிய ஆண் குஞ்சு பெட்டை அளவில்தான் இருக்கும். கோழிக்குஞ்சுத் தீவனம் போடுபவர்கள் அதோடு ஈஸ்ட்டோ, மருத்துவரிடம் அளவு கேட்டு பி காம்ப்ளெக்ஸ் மருந்தோ சேர்ப்பது நல்லது. இரண்டாவது, கலப்பு. மணிலா ஆணை நாட்டு வாத்துக் கூட்டத்தில் விட்டால் குஞ்சு கிடைக்கும், ஆனால் அந்தக் குஞ்சு வளர்ந்து இனம் பெருக்காது; கோவேறு கழுதை கதைதான். இந்தக் கலப்பில் ஆணும் பெட்டையும் எடையில் பெரிதாக வேறுபடாது. இதில் ஆண் பெட்டை பார்த்து ஜோடி சேர்க்க மெனக்கெடுவதில் பயன் இல்லை. கறிக்கு வளர்க்கலாம்.

ஒரு நாள் குஞ்சிலேயே சொல்ல முடியாதா என்றால், முடியும். பெரும்பாலான பறவைகளுக்கு இல்லாத ஆணுறுப்பு வாத்துக்கு உண்டு. எச்சத்துவாரத்தை விரலால் விரித்துப் பார்த்தால் ஆண் குஞ்சில் சின்ன முளை போலத் தெரியும். பயிற்சி பெற்ற கை சில நொடியில் பிரித்துவிடும். ஆனால் வீடியோ பார்த்துவிட்டு இதைச் செய்யாதீர்கள். அந்த வயதில் வயிற்றுக்குள் மஞ்சள்கரு இன்னும் முழுதாகக் கரைந்திருக்காது. அழுத்திப் பிடித்தால் உள்ளே உடையும், துவாரம் கிழியும். ஒரே நாளில் ஆறு குஞ்சுகளை இப்படி ரத்தக் கசிவோடு கொண்டுவந்தார்கள். எட்டு வாரம் பொறுத்தால் வாத்தே சொல்லிவிடப் போகிறது. கூர் முட்டையில் ஆண், உருண்டை முட்டையில் பெட்டை என்று தேர்ந்தெடுத்து அவயம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பறவையில் பால் தீர்மானமாவது தாயின் கருமுட்டையிலேயே. ஓடு அதற்கு அப்புறம் கட்டுவது. ஓட்டின் வடிவத்துக்கு உள்ளே இருப்பது யாரென்று தெரியாது.

இவ்வளவு பேசுவதற்குக் காரணம், அந்த ஆணுறுப்பு. அமெரிக்காவில் பாட்ரீசியா பிரென்னன் என்ற ஆய்வாளரின் குழு மணிலா வாத்தைத்தான் அதிவேகக் கேமராவில் படம் பிடித்தது: சுமார் 20 சென்டிமீட்டர் நீளம் முழுதும் வெளிவர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதுமாம். திருகு போன்ற வடிவம். பெட்டையின் உட்பாதை அதற்கு எதிர்த்திசையில் சுருண்டிருக்கும். இணைசேர்க்கை இந்த இனத்தில் மென்மையான விஷயம் இல்லை. ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டை என்ற கணக்கில் இருந்தால் தாங்கும். ஆண் கூடினால் ஒரே பெட்டையை மாறி மாறி மிதிக்கும். தொட்டியில் தலை தண்ணீருக்குள் அமுங்கிச் செத்த பெட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசம், பெட்டை வாத்து இல்லாத வீட்டில் ஆண் கோழியைத் தேடிப் போவது. சேவலுக்கு உள்ளே நுழையும் உறுப்பு கிடையாது. கோழியின் உடம்பும் அதற்கு ஏற்றதில்லை. மணிலா ஆண் ஏறினால் உள்ளே கிழிந்து கோழி செத்துப்போகலாம். கோழி ஏன் திடீரென்று சாகிறது என்று கேட்டு வருபவர்களிடம், வீட்டில் வாத்து இருக்கிறதா என்று நான் கேட்பேன். சிலர் அதைச் சம்பந்தமில்லாத கேள்வியாக நினைத்துச் சிரிப்பார்கள்.

ஆணுக்கும் பிரச்சினை வரும். உறுப்பு வெளியே வந்து உள்ளே போகாமல் தொங்கும். குடல் வெளியே வந்துவிட்டது என்று பதறிக் கொண்டுவருவார்கள், சிலர் அதற்கு முன்பே மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசியிருப்பார்கள். ஒன்றும் பூச வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, உடனே தனியாக அடையுங்கள். சிவப்பாகத் தொங்குவதை மற்ற பறவைகள் கொத்தும். அன்றே கொண்டுவந்தால் பெரும்பாலும் உள்ளே தள்ளிவிடலாம். காய்ந்து கறுத்துப்போனால் வெட்டி எடுக்க வேண்டிவரும். வெட்டினாலும் உயிருக்கு ஆபத்தில்லை, கழிவு அந்த வழியாக வருவதில்லை. இனம் சேர்க்க மட்டும் முடியாது.

ஒன்று இரண்டு என்று இல்லாமல் கூட்டத்தில் வாத்துகள் மளமளவென்று செத்து, செத்த ஆண்களில் உறுப்பு வெளியே தொங்கினால் அது வேறு சங்கதி. வாத்து பிளேக் நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. மணிலா இந்த நோய்க்கு எளிதில் பலியாகும் இனம். செத்ததைக் குளத்தில் வீசாமல், மற்றவற்றை வெளியே விடாமல், பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். தடுப்பூசி இருக்கிறது, ஆனால் நோய் வருவதற்கு முன்னால் போட வேண்டியது.

வாங்கப் போகிறவர்களுக்கு: மூன்று மாதத்துக்குக் குறைந்ததை 'ஜோடி' என்று சொன்னால், இரண்டும் ஒரே அடையில் பொரித்ததா என்று கேளுங்கள். பதில் குழப்பமாக இருந்தால் ஐந்தாறு குஞ்சாக வாங்கிக்கொள்வது நல்லது. வளர்ந்ததும் மிஞ்சும் ஆணைக் கறிக்கோ விற்பனைக்கோ தள்ளிவிடலாம். வீட்டிலேயே பொரித்தால் காலில் ஆளுக்கொரு நிற வளையம் போட்டு, வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையை நோட்டில் எழுதுங்கள். தூக்கும்போது இரண்டு காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள், வாத்தின் கால் மூட்டு கோழிக்கு உள்ளது போல உறுதியில்லை, கழன்றுவிடும். இறக்கை இரண்டையும் உடம்போடு அணைத்து, ஒரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்து, பின்பக்கம் வெளியே பார்த்தபடி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். நகம் கீறாமல் இருக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.