காய வைங்க, அப்புறம் கிரீமைத் தேடுங்க

போன மாசம் ஒரு தம்பி கிளினிக்குக்கு வந்தார், துவாஸ் பக்கம் ஒரு யார்டுல சூப்பர்வைசர். உட்கார்ந்ததும் சட்டைப் பாக்கெட்டுல இருந்து ஒரு ட்யூபை எடுத்து மேசை மேல வச்சார். பின்னாடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, மூடி வரைக்கும் பிதுக்கி எடுத்த ட்யூப். "டாக்டர், இதைப் போட்டா ரெண்டு நாள்ல அமுங்கிடுது, விட்டா மறுபடி பத்திக்குது, ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட சொல்லித்தான் வாங்கிட்டு வரச் சொல்றேன், இங்க கடையில கேட்டா தரமாட்டேங்கறாங்க"ன்னார். எட்டு மாசமா போட்டிருக்கார். தொடை இடுக்குல ஆரம்பிச்ச படர்தாமரை பெல்ட் கட்டற இடம் வரைக்கும் ஏறியிருக்கு. வழக்கமா வட்டமா, ஓரம் சிவந்து, பார்த்ததும் தெரியும், இவருக்கு வட்டமே கலைஞ்சு போச்சு, தொடைத் தோல் மெலிஞ்சு, பிரசவமான பொம்பளைங்க வயித்துல இருக்கற மாதிரி கோடு கோடா விழுந்திருக்கு. அந்தக் கோடு இனி முழுசா மறையாது. அதை அவர்கிட்ட சொல்றதுதான் எனக்கு அன்னிக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அந்த ட்யூப்ல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம். காளானுக்கு, அதாவது படர்தாமரையை உண்டாக்கற பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கூடவே குளோபெட்டாசோல். இந்தக் குளோபெட்டாசோல்தான் வில்லன், ரொம்ப வீரியமான ஸ்டீராய்டு, சிங்கப்பூர்ல டாக்டர் சீட்டு இல்லாம வாங்க முடியாது, அதனாலதான் கடைக்காரர் தரல. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிடும், ஆனா காளானை எதிர்த்து நிக்கற நம்ம தோலோட சக்தியையும் சேர்த்து அடக்கிடும், அதனால மேல பார்க்க ஆறின மாதிரி இருக்கும், உள்ளுக்குள்ள அது சத்தமில்லாம பரவிக்கிட்டே இருக்கும். இந்தியாவுல சாதாரண மருந்துக்கு அடங்காத படர்தாமரை பெருகினதுக்கு இந்த மாதிரி கலப்பு கிரீமும் ஒரு காரணம்னு தோல் டாக்டர்கள் ரொம்ப நாளா சொல்றாங்க, 2020ல அந்தக் காளானுக்கு இந்தியா பேரையே சேர்த்து ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேன்னு தனிப் பேர் வச்சாங்க. இப்ப பல நாட்டுலயும் அது இருக்கு. ஒரு வாரம் கிரீம் தடவினா போயிடும்னு இருந்த வியாதிக்கு இப்ப சிலருக்கு வாரக்கணக்குல மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கு.

அந்தத் தம்பிகிட்ட நான் கேட்ட அடுத்த கேள்வி, "குளிச்சிட்டு துண்டை எங்க போடுவீங்க?" கட்டில் கம்பியில, ஈரத்தோட, அதுக்கு மேல நேத்துப் போட்ட ஜீன்ஸ், ரூம்ல பன்னிரண்டு பேரு. காலையில நாலரைக்கு எழுந்து குளிச்சு, துவட்டியும் துவட்டாம ஜட்டி போட்டு, அதுக்கு மேல தடிமனான பேன்ட், சேஃப்டி பூட்ஸ், லாரி ஏறினா சாயங்காலம் வரைக்கும் வேர்வை. சிங்கப்பூர்ல ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல, இங்க தோல் தானா காயாதுங்க, நாமதான் காய வைக்கணும்.

ஆபீஸ் போறவங்க இது நமக்கில்லன்னு நினைச்சிடாதீங்க. ஜிம்முல வேர்த்த டீ-ஷர்ட்டோட எம்ஆர்டி ஏறி வீட்டுக்கு வந்து, சோஃபாவுல உட்கார்ந்து போனைப் பார்த்துட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு குளிக்கறவங்களும் இதே பிரச்சனையோட என்கிட்ட வர்றாங்க, என்எஸ்ல, அதாவது தேசிய சேவையில இருக்கற பசங்க கால் விரல் இடுக்குல சேத்துப்புண்ணோட வர்றாங்க. எல்லாருமே சொல்றது ஒண்ணுதான், டைம் இல்ல டாக்டர். சரி, பத்து நிமிஷம் கொடுங்க, அது போதும்.

குளிச்சு முடிச்சதும் மேல இருந்து கீழ துவட்டுங்க, அக்குள், தொடை இடுக்கு, கடைசியா கால் விரல் இடுக்கு ஒவ்வொண்ணா. பாதத்தைத் துடைச்ச துண்டு திரும்ப மேல வரக்கூடாது, முடிஞ்சா பாதத்துக்குன்னு ஒரு சின்னத் துண்டு தனியா வச்சுக்கங்க. அப்புறம் ஃபேன் கீழ ரெண்டு நிமிஷம் லுங்கியோட நில்லுங்க, அந்த நேரத்துல தலை வாருங்க, போன்ல மெசேஜ் பாருங்க, ஆனா உடனே ஜட்டி போடாதீங்க. கால்ல சேத்துப்புண் இருக்கறவங்க இன்னொண்ணு செய்யணும், முதல்ல சாக்ஸ் போடுங்க, அப்புறம் ஜட்டி. பாதத்துல இருக்கற காளான் ஜட்டி வழியாத்தான் பல பேருக்கு இடுக்குக்கு ஏறுது. கேட்கவே விசித்திரமா இருக்குன்னு சொன்ன ஒருத்தர் மூணு மாசமா திரும்பி வரல, வழியில பார்த்தப்ப இப்பவும் சாக்ஸ்தான் முதல்லன்னு சொன்னார்.

துண்டும் உள்ளாடையும் அடுத்தவங்களோடது வேண்டாம், அண்ணன் தம்பியா இருந்தாலும் வேண்டாம். துண்டு ரெண்டு வச்சுக்கங்க, ஒண்ணு காயறப்ப ஒண்ணு. படர்தாமரை இருக்கற நேரத்துல துணியை 60 டிகிரி சுடுதண்ணியில துவைச்சு, மூங்கில் கழியில வெயில் படற மாதிரி போடுங்க. டெர்பினாஃபினோ குளோட்ரிமசோலோ மட்டும் இருக்கற கிரீமை ஃபார்மசிஸ்ட்கிட்ட கேட்டு வாங்கிப் போடலாம், மறைஞ்ச அன்னிக்கே நிறுத்திடாம பேக்கெட்ல போட்டிருக்கற நாள் கணக்கை முடிங்க. ரெண்டு வாரத்துல அசையலன்னா டாக்டரைப் பாருங்க, இன்னொரு ட்யூப் தேடாதீங்க.

ஷேவிங்குக்கு வர்றேன். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தாடி முடி சுருள், ஒட்ட வழிச்சா வெட்டுப்பட்ட முனை வளைஞ்சு திரும்ப தோலுக்குள்ளயே குத்தும், கழுத்துல தாடைக்குக் கீழ பொரிப் பொரியா வருதே, அது முகப்பருன்னு நினைச்சு பரு கிரீம் போடறாங்க. அதுக்கு மேல மறுநாளும் வழிப்பாங்க, ரத்தம் வரும், ஆன்டிசெப்டிக் லிக்விடை எரிய எரியத் தடவுவாங்க, கொஞ்ச நாள்ல அந்த இடமே கருத்துப் போயிடும். ஷேவிங்கை குளிச்ச பிறகு வச்சுக்கங்க, முடி ஊறி மெத்துன்னு இருக்கும். ஜெல்லோ கிரீமோ போட்டு ஒரு நிமிஷம் விடுங்க, முடி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமா மட்டும் இழுங்க, கழுத்துல ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு பக்கம் சாயும், விரலால தடவிப் பார்த்தா புரியும். தோலை இழுத்துப் பிடிக்காதீங்க, அஞ்சாறு ஷேவுக்கு ஒரு தடவை பிளேடை மாத்துங்க. பொரி ரொம்ப இருந்தா ஒரு மாசம் பிளேடே தொடாம ட்ரிம்மர்ல ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க, வேலையிடத்துல தாடி கூடாதுன்னா சொல்லுங்க, லெட்டர் எழுதித் தர்றேன், பலருக்கு எழுதியிருக்கேன்.

முடிவெட்டற கடையில உட்கார்ந்தா புது பிளேடை கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, கேட்க வெட்கப்படாதீங்க. ரத்தம் வழியா பரவி கல்லீரலைத் தாக்கற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியில 7 நாளாவது உயிரோட இருக்கும். எல்லார் கன்னத்துலயும் தேய்க்கற அந்த ஒரே படிகாரக் கல்லும் வேண்டாம்.

பொடுகுக்கு தேங்காயெண்ணெய் வைக்கறது நம்ம வீட்டுப் பழக்கம், அம்மா கையால வச்சு விட்டது, விட மனசு வராது. ஆனா பொடுகுக்குக் காரணமான மலசீசியாங்கற ஈஸ்ட் எண்ணெயைத் தின்னுதான் வாழுது, அதனால பொடுகு இருக்கற வரைக்கும் எண்ணெய் வேண்டாம். கீட்டோகோனசோல் ஷாம்பு வாரத்துக்கு ரெண்டு தடவை, போட்டு மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷம் ஊற விட்டு அலசுங்க, போட்ட உடனே அலசறதாலதான் பல பேருக்கு அது வேலை செய்யறதில்ல.

வெயில்ல வேலைன்னா சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30, காதுக்கும் பின் கழுத்துக்கும் சேர்த்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ராத்திரி பல் தேய்க்காம படுக்காதீங்க, காலையில தேய்க்கறதை விட அதுதான் முக்கியம். வேர்வை நாத்தத்துக்கு ஆன்டிபர்ஸ்பிரன்ட் வாங்கினா ராத்திரி காய்ஞ்ச அக்குள்ல போடுங்க, காலையில வேர்க்க வேர்க்கப் போட்டா வேர்வையோட ஓடிடும்.

கழுத்துக் கறுப்பைப் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். டாக்ஸி ஓட்டற அண்ணன் ஒருத்தர் காய்ச்சலுக்கு வந்தார், பின் கழுத்துல வெல்வெட் துணி மாதிரி கறுப்பா, மடிப்பு மடிப்பா தடிச்சிருந்துச்சு. அவர் வீட்டம்மா, "எவ்வளவோ தேய்ச்சிட்டேன் டாக்டர், அழுக்கு போகவே மாட்டேங்குது, குளிக்கறப்ப கழுத்தைத் தேய்க்கறதே இல்ல இவரு"ன்னாங்க. பீர்க்கங்கூட்டை வச்சுத் தேய்ச்சு தோல் உரிஞ்சே போயிருந்துச்சு. அது அழுக்கே இல்ல. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாதப்ப கழுத்துலயும் அக்குள்லயும் தோல் அப்படித் தடிக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தா சர்க்கரை ஏறியிருக்கு, அவருக்குத் தெரியவே தெரியாது. சிங்கப்பூர்ல நம்ம இந்தியர்களுக்கு நீரிழிவு அதிகம், உங்க கழுத்துலயோ உங்க பையன் கழுத்துலயோ அந்தக் கறுப்பைப் பார்த்தா பீர்க்கங்கூட்டைக் கீழ வச்சிட்டு சர்க்கரை டெஸ்ட் எடுங்க. 40 வயசு ஆன குடிமக்களுக்கு ஸ்கிரீன் ஃபார் லைஃப்ங்கற அரசாங்க உடல் பரிசோதனைத் திட்டத்துல மானியம் இருக்கு, மத்தவங்க பக்கத்து கிளினிக்ல கேளுங்க. அந்தக் கறுப்பு வெளுக்கணும்னு கிரீம் தேடாதீங்க, எதுல என்ன கலந்திருக்குன்னு தெரியாம வெளிநாட்டுல இருந்து வர்ற வெளுப்பு கிரீம் பல பேர் முகத்தை நாசமாக்கியிருக்கு, அதுலயும் இதே ஸ்டீராய்டுதான் நிறைய.

துவாஸ் தம்பிக்கு மாத்திரை கொடுத்தேன், ரெண்டு புதுத் துண்டு வாங்கச் சொன்னேன். ஆறாவது வாரம் வந்தார், அரிப்பு நின்னு தூங்கறேன்னார், கோடு அப்படியேதான் இருக்கு. எழுந்து போறப்ப கதவுகிட்ட நின்னு, "டாக்டர், ரூம்ல இன்னும் நாலு பேர் அதே ட்யூபைத்தான் போடறாங்க, கூட்டிட்டு வரலாமா?"ன்னார். ஞாயித்துக்கிழமை ஒரு மணி வரைக்கும் இருப்பேன், ட்யூபையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்கன்னேன்.